பழவாசனைக் குஷ்: மருந்துக்கடை மேசையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பு நகரில் இருபது வருடமாக மருந்தாளராக இருக்கிறேன். பனடோல் வாங்க வருகிறவர் பனடோலை மட்டும் வாங்கிக்கொண்டு போவதில்லை. ஒரு சந்தேகத்தையும் அவிழ்த்துவிட்டுத்தான் போவார். முன்பெல்லாம் கஞ்சாவைப் பற்றிய சந்தேகம் ‘கேரளக் கஞ்சா’ என்ற ஒரே பெயரோடு முடிந்துவிடும். இப்போது புளூபெரி, மாம்பழம், அன்னாசி என்று பழக்கடையே மேசைக்கு வருகிறது. ஒரே கேள்வி பத்தாவது தடவை வந்தபோது ஒரு சி.ஆர். கொப்பியை எடுத்துக் குறித்துவைக்கத் தொடங்கினேன். கேட்டவர்களின் பேச்சை எழுத்துத் தமிழாக்கியிருக்கிறேன், தொனியை மாற்றவில்லை.

குஷ், ஹைபிரிட் என்று புதுப்புதுப் பெயராகச் சொல்கிறார்கள். அது கஞ்சாதானா, வேறு ஏதாவதா?

கஞ்சாதான். 1753இல் லின்னேயஸ் ‘கன்னாபிஸ் சட்டிவா’ என்று பெயர் வைத்த அதே செடி. 1785இல் லமார்க் இந்தியாவிலிருந்து வந்த செடியைத் தனி இனமாகக் கருதி ‘இன்டிகா’ என்றார். இரண்டு வழிச் செடிகளையும் கலந்து எடுத்தது ஹைபிரிட், அதாவது கலப்பினம். இன்று விற்பனைக்கு வளர்க்கப்படுபவற்றில் பெரும்பாலானவை கலப்புத்தான். ‘குஷ்’ என்பது இந்துகுஷ் மலைப்பக்கத்துச் செடிகளுக்கு வந்த பெயர். நம் ஊரிலோ விமானத்தில் வந்த, விலை கூடிய எந்தப் பூவும் குஷ்தான்.

கேரளக் கஞ்சா தண்டும் விதையும் இலையுமாக அமுக்கிக் கட்டி வருவது. புதிதாக வருவது, ஆண் செடியின் மகரந்தம் படாமல், பெரும்பாலும் அறைக்குள் விளக்கு வெளிச்சத்தில் வளர்த்த பெண் செடியின் பூ. விதை பிடிக்காத பூ தொடர்ந்து பிசினைச் சுரந்துகொண்டே இருக்கும். சீனி தூவியதுபோல் பூவின்மேல் மினுங்கும் சிறு மணிகள் அந்தப் பிசின்தான். போதை, வாசனை இரண்டும் அதற்குள்ளேதான் உருவாகின்றன.

அண்ணே, மூடியைத் திறந்தாலே புளூபெரி வாசம் அடிக்கிறது. எசன்ஸ் கலக்கிறார்களா?

கலக்காமலும் அப்படி மணக்கும். தேசி இலையைக் கசக்கி முகர்ந்து பாருங்கள். யாரும் எசன்ஸ் ஊற்றவில்லையே. டெர்பீன் எனப்படும் எண்ணெய்த் தன்மையுள்ள பொருட்களின் வேலை அது. தோடம்பழத் தோலில் இருக்கும் லிமோனீன், மாம்பழத்தில் இருக்கும் மைர்சீன், மிளகிலும் கராம்பிலும் இருக்கும் கரியோஃபிலீன், கொத்தமல்லி விதையில் இருக்கும் லினலூல் எல்லாம் கஞ்சாப் பூவிலும் இருக்கின்றன. வகைக்கு வகை விகிதம் மாறும்; மணமும் மாறும்.

ஆனால் டெர்பீன்கள் மட்டும் கூடி ஒரு பழத்தைக் கட்டியெழுப்ப முடியாது. கொய்யாப் பழத்துக்கும் கொடித்தோடம்பழத்துக்கும் மணம் கொடுப்பவற்றுள் சில கந்தகச் சேர்மங்கள் உண்டு. அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவையே சில கஞ்சா வகைகளின் வெப்பமண்டலப் பழவாசனைக்கும் காரணம் என்று 2023இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. கந்தகம் என்றால் அழுகிய முட்டைதானே நினைவுக்கு வரும். அளவு மிகமிகக் குறையும்போது அதே கந்தகம் பழமாக மணக்கிறது. இதைச் சொல்லிவிட்டு இன்னொன்றையும் சொல்லவேண்டும்: மணம் போன பழைய பூவுக்கு மேலே டெர்பீன் தெளித்து விற்பவர்களும் இருக்கிறார்கள்.

‘புளூ ட்ரீம்’தான் திறம் என்று அறுகம்பைப் பொடியன்கள் சொல்கிறார்கள். அது என்ன வகை?

கலிபோர்னியாவிலிருந்து பரவிய கலப்பினம். ‘புளூபெரி’, ‘ஹேஸ்’ என்ற இரண்டு வகைகளின் பிள்ளை என்று சொல்லப்படுகிறது. புளூபெரி வழியில் தாய்லாந்துச் செடியும் ஆப்கானிஸ்தான் செடியும் கலந்திருக்கின்றன. பழவாசனை அந்தப் பக்கத்து முதுசம். சட்டப்படி விற்கும் அமெரிக்க மாநிலங்களில் இதன் டி.எச்.சி. அளவு பொதுவாக 17 முதல் 24 வீதம் வரை குறிக்கப்படுகிறது. டி.எச்.சி. என்பதுதான் போதை தரும் பொருள். அதை ஓரளவு தணிக்கக்கூடும் என்று கருதப்படும் சி.பி.டி. இதில் ஒரு வீதம்கூட இராது. டெர்பீன்களில் மைர்சீன் முன்னால் நிற்கும். பைனீனும் கரியோஃபிலீனும் பின்னால் வரும்.

முதலில் மனம் இலேசாகும், பேச்சு வரும், பிறகு உடம்பு தளரும் என்பது பயன்படுத்தியவர்கள் சொல்லும் வழக்கமான வர்ணனை. அதே பூவால் நெஞ்சு படபடத்துக் கதவைப் பூட்டிக்கொண்டு இருந்தவரும் என்னிடம் வந்திருக்கிறார். அறுகம்பையில் அந்தப் பெயரில் கைமாறுவது அந்தச் செடிதானா என்பது வேறு கேள்வி, கடைசியில் வருகிறேன்.

வாசம் கூடினால் வீரியமும் கூடும்தானே?

இல்லை. கொப்பியில் அதிகம் கோடு விழுந்த கேள்வி இது. டி.எச்.சி.க்கு வாசனையே இல்லை. மணப்பது டெர்பீனும் அதன் கூட்டாளிகளும். தலைக்கு ஏறுவது டி.எச்.சி. இரண்டும் ஒரே பிசின் மணிக்குள் இருந்தாலும் ஒன்றின் அளவை வைத்து மற்றதை அளக்க முடியாது.

என் தொழிலிலிருந்து ஓர் உதாரணம். பிள்ளைகளுக்கான பரசிட்டமோல் பாணி, ஐந்து மில்லிலீற்றரில் 120 மில்லிகிராம் உள்ளதும் உண்டு, 250 மில்லிகிராம் உள்ளதும் உண்டு. இரண்டையும் திறந்து முகர்ந்தால் அதே தோடம்பழ வாசனைதான். போத்தலை மாற்றி எடுத்து இரட்டிப்பாக ஊற்றிக் கொடுத்துவிட்டு ஓடிவந்த தாய்மாரை எனக்குத் தெரியும். அவர்களையாவது லேபல் காப்பாற்றியிருக்கும். மணம் இனிமையாக இருந்தால் சாமான் மென்மையானது என்று மனம் தானாக முடிவுகட்டுகிறது. கசப்பு மருந்தைப் பழவாசனையில் ஒளித்துக் கொடுப்பதே அந்த நம்பிக்கையை வைத்துத்தான். ஊதா நிறமும் இப்படித்தான்: நாவல்பழத்துக்கு நிறம் கொடுக்கும் அந்தோசயனின் கஞ்சாப் பூவுக்கும் நிறம் கொடுக்கிறது, வீரியத்தைக் கொடுப்பதில்லை.

பொதியில் 23 வீதம் என்று அச்சடித்திருக்கிறது. அது கூடவா, குறைவா?

கல்லடிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பையன் இதைக் கேட்டான். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு வெறும் பொதியை மேசையில் வைத்தான். உள்ளங்கை அளவு; முன்பக்கம் நீலப் பழக்குலை, மூலையில் தங்க எழுத்தில் 23. திருப்பிப் பார்த்தேன். தொகுதி இலக்கம் இல்லை, பொதி செய்த திகதி இல்லை, தயாரித்தவர் பெயர் இல்லை. ஒரு கட்டம்போட்ட குறி இருந்தது. கைத்தொலைபேசியைக் காட்டினால் எந்தப் பக்கமும் திறக்கவில்லை. பனடோல் அட்டையில்கூட இவை எல்லாம் இருக்கும். இப்படி அச்சடித்த வெறும் பைகள் இணையத்தில் நூறு நூறாக விற்கப்படுகின்றன. உள்ளே எதையும் போட்டு ஒட்டலாம்.

எண் உண்மையென்றே வைத்துக்கொள்வோம். 23 வீதம் என்றால் ஒரு கிராம் பூவில் 230 மில்லிகிராம் டி.எச்.சி. கால் கிராமில் ஒரு சுருட்டுச் சுற்றினால் ஏறத்தாழ 57 மில்லிகிராம். எரிவதில் பெரும்பகுதி வீணாகிறது. பத்தில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரைதான் இரத்தத்துக்குப் போகும். அமெரிக்க போதைப்பொருள் ஆய்வு நிறுவனம் 2021இல் ஆய்வுகளுக்கான ஓர் அளவாக வகுத்தது ஐந்து மில்லிகிராம். கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் கைப்பற்றப்பட்ட கஞ்சாவின் சராசரி வீரியம் 1995இல் சுமார் 4 வீதம், 2014இல் சுமார் 12 வீதம். ‘நாங்கள் அந்தக் காலத்தில் அடிக்காததா’ என்று சொல்லும் மாமாமாருக்கு இந்த இரண்டு எண்களையும் காட்டுங்கள்.

இன்டிகா என்றால் நித்திரை, சட்டிவா என்றால் உற்சாகம், ஹைபிரிட் என்றால் இரண்டுக்கும் நடுவில். சரிதானே, சேர்?

கேட்பதற்கு ஒழுங்காக இருக்கிறது, அவ்வளவுதான். கேட்டவருக்கு அக்கரைப்பற்றுப் பக்கம் வயல். அவரிடம் திருப்பிக் கேட்டேன்: பி.ஜி. 94-1 விதைநெல் வாங்கினால் என்ன வரும்? “மூன்றரை மாதத்தில் பி.ஜி. 94-1தான் வரும்” என்றார். விவசாயத் திணைக்களம் அத்தாட்சிப்படுத்தும் விதைநெல்லுக்கு மூட்டையில் சீட்டு இருக்கிறது. கஞ்சா வகைப் பெயருக்கு அப்படிப் பொறுப்பேற்க யாரும் இல்லை. ஒருவர் ஒரு பெயர் வைக்கிறார், இன்னொருவர் அந்தப் பெயரை எடுத்து வேறு செடிக்கு வைக்கிறார்.

மரபணுவைச் சோதித்த ஆய்வுகள், ஒரே பெயரில் விற்கப்பட்டவை ஒன்றுக்கொன்று தூரத்து உறவாகவும், இன்டிகா சட்டிவா என்று பிரித்தவை ஒரே கூட்டமாகவும் இருப்பதைக் கண்டிருக்கின்றன. 2021இல் வெளியான ஓர் ஆய்வின்படி அந்த முத்திரைகள் சில டெர்பீன்களோடு மட்டும் ஓரளவு ஒத்துப்போகின்றன. சுருக்கமாக, மண்வாசனை வந்தால் இன்டிகா என்றும் இனிப்பு மணம் வந்தால் சட்டிவா என்றும் விற்பவர் எழுதியிருக்கலாம். நித்திரை வருமா, உற்சாகம் வருமா என்பதை டி.எச்.சி. எவ்வளவு போனது, வயிறு காலியா, முன்பழக்கம் உண்டா, அன்றைக்கு மனம் எப்படி இருந்தது என்பவை தீர்மானிக்கின்றன.

அடித்தால் உடம்புக்குள் உண்மையில் என்ன நடக்கிறது?

1964இல் இஸ்ரேலில் ரஃபேல் மெக்கூலமும் யெஹியல் கவோனியும் டி.எச்.சி.யைப் பிரித்தெடுத்து அதன் அமைப்பைக் கண்டார்கள். அது போய்ப் பொருந்தும் இடம் மூளையில் இருப்பது பிறகுதான் தெரிந்தது. 1990இல் அதன் மரபணு கிடைத்தது. நம் உடம்பே ஒரு சாவி செய்யாமல் இப்படி ஒரு பூட்டு இருக்குமா என்று தேடினார்கள். 1992இல் அந்தச் சாவியும் அகப்பட்டது. அதற்கு ‘அனந்தமைட்’ என்று பெயர் வைத்தார்கள். நம் ‘ஆனந்தம்’தான் அதில் இருக்கிறது. உடம்பு அதைத் தேவையான இடத்தில் துளி துளியாகச் செய்து உடனே அழித்துவிடும். டி.எச்.சி. எல்லாப் பூட்டையும் ஒரே நேரத்தில் திறந்துவிட்டு மணிக்கணக்காக உட்கார்ந்திருக்கும்.

அந்தப் பூட்டுகள் இருக்கும் இடங்களை வைத்தே விளைவுகளைச் சொல்லிவிடலாம். ஞாபகத்துக்கான பகுதியில் இருப்பதால் சொல்லவந்த வசனம் பாதியில் தொலைகிறது. சமநிலைக்கான பகுதியில் இருப்பதால் கால் தடுமாறுகிறது. பசியைத் தூண்டும் பகுதியில் இருப்பதால் இரவு பதினொரு மணிக்குக் கொத்துரொட்டி தேடுகிறது. ஐந்து நிமிடம் அரை மணியாக நீள்கிறது. எச்சில் சுரப்பிகளிலும் அவை உண்டு. வாய் காய்வது அதனால்தான், தண்ணீர் குடித்தாலும் முழுதாகத் தீராது. இரத்தக் குழாய்கள் விரிவதால் கண் சிவக்கிறது. இதயத் துடிப்பு 20 முதல் 50 வீதம் வரை கூடலாம். சட்டென்று எழுந்தால் தலை சுற்றலாம்.

புகையில் எடுத்தால் சில நிமிடங்களில் தொடங்கும், அரை மணிக்குள் உச்சத்துக்குப் போகும், இரண்டு மூன்று மணித்தியாலத்தில் இறங்கும். சிரிப்பு, இலேசான மனம், பாட்டு வழக்கத்தைவிட இனிமையாகக் கேட்பது இவை ஒரு பக்கம். சந்தேகம், பயம், எல்லோரும் தன்னையே பார்க்கிறார்கள் என்ற எண்ணம் மறுபக்கம். குறைந்த அளவில் பதற்றத்தைத் தணிக்கும் அதே பொருள் அளவு கூடும்போது பதற்றத்தைக் கிளப்புகிறது. பழவாசனை வகை என்பதால் மறுபக்கம் வராது என்று யாரும் உத்தரவாதம் தரமுடியாது.

முதலில் ஒரு மாம்பழம் சாப்பிட்டால் நன்றாக ஏறுமாமே?

மாம்பழத்தில் மைர்சீன் இருக்கிறது, அது டி.எச்.சி.யை மூளைக்கு வேகமாகக் கொண்டுபோகும் என்பது கதை. முதல் பாதி உண்மை. இரண்டாம் பாதியை மனிதரில் யாரும் நிரூபித்துக் காட்டவில்லை. மாம்பழத்தை மாம்பழத்துக்காகச் சாப்பிடுங்கள்.

புகைத்தபோது ஒன்றும் ஆகவில்லை. வெளிநாட்டு பிஸ்கட் ஒன்று சாப்பிட்டேன், செத்துவிட்டேன் என்றே நினைத்தேன். ஏன்?

வயிற்றுவழி வேறு பாதை. சாப்பிட்ட டி.எச்.சி. முதலில் ஈரலுக்குப் போகிறது. ஈரல் அதை இன்னும் இலகுவாக மூளைக்குள் நுழையும் வேறொரு பொருளாக மாற்றுகிறது. தொடங்க அரை மணியிலிருந்து இரண்டு மணித்தியாலம்வரை ஆகும். ஆறு, எட்டு மணித்தியாலம் நிற்கும், சிலருக்கு இன்னும் கூட. முக்கால் மணியில் ஒன்றும் தெரியவில்லை என்று இரண்டாவது துண்டை வாயில் போடுவதில்தான் பிசகு நடக்கிறது. கேட்டவரும் மூன்று துண்டு சாப்பிட்டிருந்தார்.

‘எங்கள் அப்பப்பா இறைச்சிக் கறிக்குக் கஞ்சா இலை போடுவார், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையே’ என்று இதன் வாலாக ஒரு கேள்வி வரும். இலையில் பிசின் குறைவு, பூவில்தான் அதிகம். அப்பப்பா ஒரு சட்டிக்கு இரண்டு இலை போட்டிருப்பார். பச்சைச் செடியில் இருப்பது போதை தராத அமில வடிவம். சூடுதான் அதை டி.எச்.சி.யாக்குகிறது. டி.எச்.சி. கொழுப்பில் கரையும். ஆகவே தேங்காய் முதற்பாலில் வேகும் கறி அதற்கு நல்ல வாகனம். அதே சட்டியில் இந்தக் காலத்துப் பூவைப் போட்டால் கதை வேறு.

கூடிப்போய்விட்டால் என்ன செய்வது? தேசிக்காய்த் தண்ணீர் கொடுக்கலாமா?

கொடுக்கலாம், வாய் வறட்சிக்கு இதமாக இருக்கும், டி.எச்.சி.யை அது இறக்காது. மிளகை மென்றால் தெளியும் என்பதும் மாம்பழக் கதையின் தம்பிதான். ஆளைத் தனியே விடாமல், வெளிச்சமும் சத்தமும் குறைந்த இடத்தில் ஒருபக்கமாகப் படுக்கவைத்து, இது இறங்கிவிடும் என்று அமைதியாகச் சொல்லிக்கொண்டிருப்பதுதான் உண்மையான வைத்தியம். ஹெரோயின்போல மூச்சை நிறுத்தும் ஆற்றல் கஞ்சாவுக்கு இல்லை. மூச்சைக் கட்டுப்படுத்தும் மூளைத்தண்டில் அந்தப் பூட்டுகள் மிகக் குறைவு.

ஆனால் நெஞ்சு வலி, மயக்கம், வலிப்பு, நிற்காத வாந்தி, ஆளையே அடையாளம் தெரியாத குழப்பம் இருந்தால் காத்திருக்கவேண்டாம். 1990 என்ற அம்புலன்ஸ் எண்ணுக்கு அழையுங்கள். 2001இல் வெளியான ஓர் ஆய்வு, புகைத்த முதல் ஒரு மணித்தியாலத்தில் மாரடைப்பு அபாயம் ஏறத்தாழ ஐந்து மடங்காகக் கூடுவதைக் கண்டது. சின்னப் பிள்ளை தவறுதலாக இனிப்பு என்று சாப்பிட்டிருந்தால் ஒரு அறிகுறியும் இல்லாவிட்டாலும் உடனே ஆஸ்பத்திரிதான். டொக்டரிடம் என்ன, எவ்வளவு, எத்தனை மணிக்கு என்று உள்ளதைச் சொல்லுங்கள். ‘பழுதான சாப்பாடு’ என்று பொய் சொன்னால் பிள்ளைக்குத்தான் தேவையில்லாத சோதனை.

அடித்துவிட்டு ஓட்டோ ஓட்டினால் இன்னும் கவனமாகத்தான் ஓட்டுகிறேன். அதில் என்ன பிழை?

மெதுவாக ஓட்டுகிறீர்கள், அது கவனம் அல்ல. கஞ்சா அடித்தவர் வேகத்தைக் குறைப்பதும், அதே நேரம் நேர்கோட்டில் நிற்காமல் அங்குமிங்கும் இழுபடுவதும் சோதனைகளில் திரும்பத் திரும்பக் காணப்பட்டவை. இரண்டு விடயத்தை ஒரே நேரத்தில் கவனிக்கும் திறன்தான் முதலில் போகிறது. நம் கல்முனை வீதியில் இரவில் மாடு படுத்திருக்கும். எதிரே வரும் பஸ்ஸின் வெளிச்சத்தில் அந்த மாட்டைக் காண உங்களுக்கு அரை விநாடிதான் கிடைக்கும். மதுவும் சேர்ந்தால் ஒன்றும் ஒன்றும் மூன்றாகும்.

மூலிகைதானே, அடிமையாக்காது என்கிறார்களே?

ஊமத்தையும் மூலிகைதான். பயன்படுத்துபவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு விடமுடியாத நிலை வருகிறது. பதின்பருவத்தில் தொடங்கியவர்களில் ஆறில் ஒருவருக்கு. நாள்தோறும் எடுத்தவர் நிறுத்தினால் ஒன்று, இரண்டு நாளில் எரிச்சல், நித்திரையின்மை, பசியின்மை, வியர்வை, விசித்திரக் கனவுகள் வரும். முதல் வாரத்தில் உச்சம். பிறகு சில வாரங்களில் அடங்கும். ‘அடிக்காவிட்டால்தான் எனக்கு நித்திரை வருவதில்லை, அது எனக்கு மருந்து’ என்று சொல்பவருக்கு, அந்த நித்திரையின்மையே அது போட்ட கடன் என்பது தெரிவதில்லை.

என் மகன் விடியற்காலையில் வாந்தி எடுக்கிறான். இந்த வெயிலில் சுடுதண்ணீரில்தான் குளிப்பேன் என்று அடம்பிடிக்கிறான். பேய் பிடித்திருக்கிறதா?

ஏறாவூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு தாய் கேட்டது. சித்திரை மாத வெயில். கிணற்றுத் தண்ணீரே வெதுவெதுப்பாக இருக்கும் காலம். இருபது வயதுப் பையன் பகலில் மூன்று தடவை அடுப்பில் தண்ணீர் சுடவைக்கச் சொல்கிறான், குளிக்கும் நேரம் மட்டும் வாந்தி நிற்கிறது என்றார். கோயிலில் கொம்புமுறிப்புச் சடங்கு முடிந்து வரும் வழியில் ஏதோ பட்டுவிட்டது என்று நூலும் கட்டியிருந்தார்கள். வயிற்றுக்கு இரண்டு இடத்தில் மருந்து எடுத்தும் பலனில்லை. சுடுதண்ணீர் என்ற சொல்லைக் கேட்டதும் எனக்குப் பொறிதட்டியது.

நீண்ட காலம், அடிக்கடி கஞ்சா எடுத்தவர்களில் சிலருக்கு வரும் வாந்தி நோய் இது. 2004இல் ஆஸ்திரேலியாவின் அடிலெய்ட் பகுதி மருத்துவர்கள் முதலில் விவரித்தார்கள்; சுடுதண்ணீர்க் குளியலில் தேடும் ஆறுதலே அடையாளம். வாந்திக்குக் கஞ்சா நல்லது என்று கேள்விப்பட்டவர் இன்னும் கொஞ்சம் இழுப்பார், நோய் இன்னும் முற்றும். உடம்பில் நீர் வற்றிச் சிறுநீரகம் பழுதாகலாம் என்பதால் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். முழுதாக நிறுத்துவதைத் தவிர இதற்கு நிரந்தரத் தீர்வு இல்லை. அந்தத் தாய் போகும்போது நூலைக் கழற்றலாமா என்று கேட்டார். அது உங்கள் விருப்பம் என்றேன்.

தம்பிக்கு 17 வயது. இதனால் மனநோய் வருமா?

எல்லோருக்கும் வராது, யாருக்கு வரும் என்று முன்கூட்டிச் சொல்லவும் முடியாது. ஐரோப்பாவின் பல நகரங்களிலும் பிரேசிலிலும் நடந்த, 2019இல் வெளியான பெரிய ஆய்வில், டி.எச்.சி. 10 வீதமோ அதற்கு மேலோ உள்ள கஞ்சாவை நாள்தோறும் எடுத்தவர்களுக்கு, ஒருபோதும் எடுக்காதவர்களோடு ஒப்பிடும்போது, மனப்பிறழ்வு வரும் வாய்ப்பு ஏறத்தாழ ஐந்து மடங்கு. மேலே சொன்ன 23ஐ நினைத்துக்கொள்ளுங்கள். குடும்பத்தில் ஏற்கெனவே மனச்சிதைவு இருந்தால் ஆபத்து இன்னும் கூடும். மூளை இருபத்தைந்து வயதுவரை வளர்ந்துகொண்டிருப்பதால் 17 வயதில் தொடங்குவது 30 வயதில் தொடங்குவது போல் அல்ல.

தம்பியை அடித்து அறைக்குள் பூட்டினால் அவன் சொல்வதை நிறுத்துவான், எடுப்பதை நிறுத்தமாட்டான். குரல் கேட்கிறது, யாரோ பின்தொடர்கிறார்கள் என்று பேசத் தொடங்கியிருந்தால் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். 1926 என்ற தொலைபேசி எண்ணில் மனநல உதவியும், 1927 என்ற எண்ணில் தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் ஆலோசனையும் கிடைக்கும்.

இதய வால்வு மாற்றியவன் நான், வாஃபரின் எடுக்கிறேன். சும்மா ஒரு இழுவை பரவாயில்லையா?

பரவாயில்லை என்று சொல்லமாட்டேன். வாஃபரின் இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து. கஞ்சாவில் உள்ள பொருட்கள் அதை உடம்பு அழிக்கும் வேகத்தைக் குறைக்கலாம். இரத்தம் அளவுக்குமீறி இளகி, உள்ளே கசிய வாய்ப்பிருக்கிறது. கிளினிக்கில் இரத்தம் உறையும் வேகத்தைப் பார்க்கும் சோதனையின் எண் திடீரென்று ஏறி, டொக்டர் கீரையை நிறுத்திவிட்டீர்களா என்று கேட்டுக்கொண்டிருப்பார், கீரைமேல் பழி. நித்திரைக் குளிசை, வலிப்பு மருந்து எடுப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கை. கர்ப்பிணிகள் குமட்டலுக்கு எடுக்கவே கூடாது. குழந்தையின் நிறை குறையலாம், தாய்ப்பாலிலும் போகும்.

அம்மாவுக்குப் புற்றுநோய். இந்த எண்ணெய் கொடுத்தால் குணமாகும் என்று வீடியோவில் சொல்கிறார்கள்.

இந்தக் கேள்விக்கு வேகமாகப் பதில் சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. கண்ணாடிக் குவளையில் வளர்த்த புற்றுக் கலங்களை டி.எச்.சி. கொன்றிருக்கிறது, மனிதரில் புற்றுநோயைக் குணமாக்கியதற்குச் சான்று இல்லை. புற்றுநோய் மருந்தால் வரும் குமட்டலுக்கு, செயற்கையாகச் செய்த டி.எச்.சி. குளிசை 1985இலேயே அமெரிக்காவில் அங்கீகரிக்கப்பட்டது. கடுமையான சில வகை வலிப்புக்கு சி.பி.டி. மருந்து 2018இல் அங்கீகாரம் பெற்றது. அவை அளந்து செய்த மருந்துகள். வீடியோவில் காட்டும் கறுப்பு எண்ணெய் அல்ல. வலிதான் பிரச்சினை என்றால் டொக்டரிடம் மோர்ஃபின் பற்றித் தயங்காமல் கேளுங்கள். புற்றுநோய் வலிக்கு அது முறையாகக் கொடுக்கப்படுகிறது. சிகிச்சையை நிறுத்திவிட்டு எண்ணெய்க்குப் போவதைத்தான் வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்கிறேன்.

புகைதானே கெடுதல். வேப் எனும் மின்சிகரெட்டில் இழுத்தால் சரிதானே?

2019இல் அமெரிக்காவில் வேப் இழுத்தவர்களின் நுரையீரல் கூட்டமாகப் பழுதானது. 2020 பெப்ரவரிக்குள் 2,800க்கும் மேற்பட்டோர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள், 68 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் கள்ளச் சந்தை டி.எச்.சி. எண்ணெயில் கலந்திருந்த விற்றமின் ஈ அசெற்றேற்றுதான் முக்கிய காரணம். பழவாசனை அவற்றிலும் இருந்தது.

கட்டார் போக மெடிக்கல் இருக்கிறது. சிறுநீரில் எத்தனை நாள் நிற்கும்?

டி.எச்.சி. கொழுப்பில் தங்கி மெல்ல மெல்லக் கசியும். எப்போதாவது ஒருமுறை எடுத்தவருக்கு மூன்று நாளளவில். நாள்தோறும் எடுத்தவருக்கு ஒரு மாதம், அதற்கு மேலும். தேசிக்காய், வினாகிரி, இளநீர் எதுவும் அதைக் கழுவாது. இன்னொரு விடயம்: பயணப் பையின் ஓரத்தில் மறந்துபோன ஒரு துண்டுக்கு வளைகுடா நாடுகளில் கிடைப்பது சிறை.

தாய்லாந்தில் கடையில் வைத்து விற்கிறார்கள். அறுகம்பையில் வெள்ளைக்காரர் பகிரங்கமாகப் புகைக்கிறார்கள். நமக்கு மட்டும் ஏன் பொலிஸ்?

தாய்லாந்து 2022 ஜூனில் கஞ்சாவைப் போதைப்பொருள் பட்டியலிலிருந்து எடுத்தது. அதற்குப் பிறகுதான் பாங்கொக்கிலிருந்து கட்டுநாயக்கவுக்கு வரும் பைகளில் குஷ் பிடிபட்ட செய்திகள் பெருகின. 2025 ஜூனில் அங்கேயும் மருத்துவச் சீட்டு வேண்டும் என்று இறுக்கிவிட்டார்கள். எப்படியிருந்தாலும் அது அவர்கள் நாட்டுச் சட்டம். இங்கே நஞ்சுகள், அபின், அபாயகர ஔடதங்கள் கட்டளைச் சட்டம் 1929 முதல் இருக்கிறது, 1984இல் திருத்தி இறுக்கப்பட்டது. ஹைபிரிட், பழவாசனை என்ற பிரிவெல்லாம் அதில் இல்லை. வெள்ளைக்காரருக்கும் அதே சட்டம்தான். பிடிபடுகிறவர் யார் என்பதில் வித்தியாசம் இருக்கிறதென்றால் உங்கள் மனக்குறையோடு நானும் சேர்ந்துகொள்கிறேன், ஆனால் நீதிமன்றத்தில் அது வாதமாகாது.

ஆயுர்வேத வைத்தியர்கள் மருந்து செய்வதற்கு 1961ஆம் ஆண்டு ஆயுர்வேதச் சட்டத்தில் இடமுண்டு. மதனமோதகம் போன்றவற்றில் கஞ்சா இலை சேர்வது அந்த வழியில்தான். அந்த அனுமதி வைத்தியருக்கு. வைத்தியருக்கு அயல்வீட்டுக்காரராக இருப்பது போதாது.

நீங்கள் முகர்ந்து பார்த்தாவது இது அசல் புளூ ட்ரீமா, கலப்படமா என்று சொல்லமாட்டீர்களா?

பொதியோடு வந்த அதே பையன் கேட்டது. மாட்டேன், செய்தாலும் பயனில்லை. மூக்கு என்ன சொல்லும், என்ன சொல்லாது என்பதை வாசம், வீரியம் பற்றிய பதிலில் சொல்லிவிட்டேன். அதற்கு மேலும் ஒன்று இருக்கிறது: டி.எச்.சி. அநேகமாக இல்லாத பூவின்மேல், மூளையின் அதே பூட்டைத் திறக்கும் செயற்கைச் சரக்கைத் தெளித்து விற்பது ஐரோப்பாவில் 2020 முதல் பல நாடுகளில் பிடிபட்டது. பார்வைக்கும் மணத்துக்கும் அது நல்ல பூ. டி.எச்.சி. அந்தப் பூட்டைப் பாதி திறக்குமென்றால் அந்தச் செயற்கைச் சரக்கு முழுதாகத் திறந்து கதவையே பெயர்த்துவிடும். வலிப்பும் மரணமும் அதில் நடந்திருக்கின்றன.

ஆய்வுகூட இயந்திரம்தான் இதைச் சொல்லும். நம் நாட்டில் அந்தச் சோதனை அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் திணைக்களத்தில் நடக்கிறது. அங்கே போகும் பொதி பொலிஸ் முத்திரை வைத்த வழக்குப் பொருளாகத்தான் போகும். அறிக்கை வரும்வரை சொந்தக்காரர் எங்கே இருப்பார் என்று அவனையே ஊகிக்கச் சொன்னேன்.